உப்புக் கையும் பச்சைப்பயறும்

போன வாரம் என் மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிவந்தாள். மூன்று அடுக்கு, ஒவ்வொரு தட்டிலும் பொடிப்பொடியாக ஓட்டை, மேலே ஒரு மூடி. பயறு முளைகட்டுகிற டப்பாவாம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போய், உப்பைக் குறையுங்கள், முளைகட்டிய பயறு சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து வீட்டில் எனக்கு எதிராக ஒரு கூட்டணியே அமைந்துவிட்டது. மனைவி ஊறுகாய் ஜாடியை எங்கேயோ ஒளித்துவைத்தாள். மகள் டப்பா வாங்கினாள். வாங்கியதோடு விட்டாளா? செல்போனைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் வேறு. பயறு முளைவிட்டால் அதில் காபா என்று ஒரு அமினோ அமிலம் கூடுமாம், அது ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம். "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா, சும்மா சாப்பிடு" என்று முடித்தாள்.

இருபத்திரண்டு வயதில் அந்தக் காபாவுக்காக நான் பட்ட பாட்டை அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேசமாட்டீர்கள்.

மறுநாள் காலையில் அந்த டப்பாவின் மூடியைத் திறந்தேன். ஒரு வாசனை வந்தது பாருங்கள். ஈரக் கோணியும் பச்சை மாவும் கலந்த மாதிரி, கொஞ்சம் மண்வாசனையும் சேர்ந்தது. முளைவிட்ட பச்சைப்பயறை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், ஆனால் மூக்கு என்னை மரக்காணத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அதுவும் ஊருக்குள் இல்லை, ஊரைத் தாண்டி உப்பளத்தை ஒட்டி இருந்த அந்தப் பழைய உப்புக் குடோனுக்கு.

அது குடோனாக இருந்ததை யாரோ முதலாளி கைவிட, ஒரு சின்னத் தொண்டு அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்தது. மேலே ஓடு, கீழே சிமெண்டுத் தரை. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழைக்காலம் வந்தால் சுவர் வேர்க்கும். வேர்த்த இடத்தில் காலையில் வந்து பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. உள்ளே எட்டுப் பெண்கள், ஆறு பெரிய தவலை, வெள்ளைத் துணி, கோரைப்பாய், ஒரு டிரான்சிஸ்டர். அப்புறம் நான். எனக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்று பதவி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த திமிரில் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பேன், ஒன்று எழுதாது.

எட்டுப் பேரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். மறுபடி பொங்கல் கழிந்துதான் பாத்தி மிதித்துச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். நடுவில் இருக்கும் அந்த மழை மாதங்களில் இவர்களுக்கு வேறு வேலை ஏற்படுத்தவேண்டும் என்று அந்த அமைப்பு யோசித்தது. பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு இவற்றை முளைகட்டி, நிழலில் காயவைத்து, அரைத்துச் சத்துமாவாகக் கொடுக்கிற திட்டம். புதுச்சேரியில் ஒரு நிறுவனம் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மாதிரியைச் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அதில் நல்ல அமினோ அமிலங்கள் கூடியிருக்கின்றன என்று சான்று வாங்கவேண்டும். சாதாரணப் பயறு மாவை அவர்களே அரைத்துக்கொள்வார்களே, நம்மிடம் எதற்கு வாங்கவேண்டும்? சான்று வந்தால் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் பொங்கலோடு கடையைக் கட்டவேண்டியதுதான்.

முளைகட்டினால் அப்படி என்ன ஆகிறது என்று கேட்கிறீர்களா? அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பயறுக்குள்ளே புரதம் எல்லாம் மூட்டை கட்டிவைத்த மாதிரி இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் விதை முழித்துக்கொள்கிறது. செடியாக வளரவேண்டுமே, அதற்காகத் தன் மூட்டையைத் தானே பிரித்துச் சின்னச் சின்னத் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகள்தான் அமினோ அமிலம். நம் வயிறு செய்யவேண்டிய வேலையில் பாதியை விதையே செய்து கொடுத்துவிடுகிறது. அதில் ஒரு துண்டை மாற்றிக் காபா என்று ஒன்றையும் உண்டாக்கிக்கொள்கிறது. இவ்வளவுதான். இதை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முக்கால் மணிநேரம் விளக்கினேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த பிலோமினா, "அதாவது ஊறவச்சுக் கட்டணும், அதானே சார்?" என்று கேட்டார். அதேதான்.

பிலோமினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மாதா கோயில் தெருவில் வீடு. என்னைவிட அவ்வளவு மூத்தவரை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், சார் பதவி அப்படி. அக்கா என்று வாயில் வரப் பல வருஷம் ஆயிற்று. பத்து வயதில் உப்புப் பாத்தியில் இறங்கியவர். பாதம் முழுக்க வெடிப்பு, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருக்கும். கை அதைவிட மோசம். உள்ளங்கை காய்ந்த ஏரிமண் மாதிரி பாளம் பாளமாக இருக்கும். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கூசத் தொடங்கியிருந்தது. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், இந்த வருஷம் பாத்தியில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், இந்தப் பயறுதான் எனக்கு வழி என்று. நான் என்னவோ அந்த வழியை என் சட்டைப் பையில் வைத்திருக்கிற மாதிரி தலையாட்டினேன்.

என் ஊர் இரும்பை கிராமத்துக்குப் பக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். மரக்காணத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்காது என்று அம்மா தினமும் ஒரு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிடுவாள். கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். கண்டக்டர், "இன்னா தம்பி, சாராயமா?" என்று கேட்காத நாள் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் அம்மா பேச்சைத் தட்டமுடியுமா? டீ போடுவதும் அந்தத் தண்ணீரில்தான். முதல் நாள் செய்முறை விளக்கத்துக்கும் அதையே ஊற்றிவிட்டேன். அரைப்படிப் பச்சைப்பயறு, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஊறி, மறுநாள் காலையில் வெள்ளை வெளேரென்று வால் நீட்டிக்கொண்டு துணியைக் கிழித்து வெளியே வந்தது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். நானே விதையைப் படைத்த மாதிரி நின்றேன்.

அடுத்த நாள் முதல் அவர்கள் செய்தார்கள். குடோனுக்குப் பின்னால் இருந்த போர் பம்பில் தண்ணீர் அடித்து, ஆறு தவலையிலும் ஊறப்போட்டார்கள். ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. பயறு உப்பியது, அவ்வளவுதான். எங்கோ ஒன்றிரண்டு மூக்கை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கொழகொழவென்று ஆகி நாற ஆரம்பித்தது. சுவரில் இருக்கிற உப்புதான் காரணம் என்று கண்டுபிடித்து, எட்டுப் பேரையும் வைத்துச் சுவர் முழுக்க நியூஸ் பேப்பர் ஒட்டினேன். இரண்டாவது தடவையும் அதே கதை. துணி அழுக்கு என்றேன், துணியை வெந்நீரில் அவித்தோம். பயறு பழசு என்றேன், வேறு கடையில் வாங்கினோம்.

தண்ணீரைப் பற்றியும் கேட்டேன், கேட்காமல் இல்லை. நல்ல தண்ணீர்தானே என்றதும் பிலோமினா பெருமையோடு தன் பையிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடிக் குழல், அடியில் ஈயக் குண்டு, மேலே கோடு கோடாக எண். உப்பளத்தில் தண்ணீர் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று பார்க்கிற டிகிரி மீட்டர். இருபத்துநாலு, இருபத்தைந்து டிகிரி வந்தால் உப்பு விளையும். நுனி உடைந்தது என்று முதலாளி தூக்கிப்போட்டதை இவர் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் குடத்தில் விட்டார். குழல் கழுத்துவரை முங்கி நின்றது. "பாருங்க சார், ஜீரோ. சுத்தமான தண்ணி," என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஜீரோதான். சரி என்று நிமிர்ந்துவிட்டேன்.

இதில் யார் முட்டாள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தக் குழல் கடல் தண்ணீரையே வெறும் மூன்று என்று சொல்கிற கருவி. உப்பு விளையப்போகிற தண்ணீரை அளக்கச் செய்தது. போர் தண்ணீரில் இருக்கிற கொஞ்ச உப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. உப்பளத்து ஆளுக்கு ஜீரோ என்றால் சுத்தம், அவர் வாழ்க்கையே அந்தக் கோடுகளில் ஓடியது. ஆனால் கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு எங்கே போயிற்று புத்தி? ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் போதும். என்னிடம்தான் அம்மா கொடுத்த கேன் இருந்ததே.

மூன்றாவது தடவையும் அழுகியது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது. அமைப்பிலிருந்து மாதிரி எங்கே, மாதிரி எங்கே என்று கேட்டுக் கடிதம். அன்று காலையில் மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எங்கள் பக்கம் விவசாயக் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. உப்பளத்தில் வேலை செய்கிற ஆட்களை விதைப்புக்கும் நாற்றங்காலுக்கும் கூப்பிடமாட்டார்கள், கையில் உப்பு ஊறியிருக்கும், விதை முளைக்காது என்பார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த அந்தப் பேச்சு, எங்கே கிடந்ததோ, வாய்க்கு வந்துவிட்டது. நான் பிலோமினாவின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உப்புக் கை பட்டா எங்க முளைக்கும்?"

டிரான்சிஸ்டர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். பிலோமினா பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போடவில்லை. இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அழுகிய பயறை வாரிக் கூடையில் போட்டுக் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் வந்தபோது இரண்டு கையிலும் பாலித்தீன் கவர் மாட்டியிருந்தார். மளிகைக்கடையில் சர்க்கரை கட்டித்தருகிற கவர். மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும் கையை எனக்குக் காட்டி, "இப்ப ஒண்ணும் ஆவாது சார், கை படாது," என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார். அவரும் அந்தப் பேச்சை நம்பிவிட்டார். கவர் போட்ட கையோடு துணியைக் கட்டமுடியாமல் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டதை இன்றைக்கும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொள்கிற வித்தை எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். யாரும் தொடவேண்டாம், நானே செய்கிறேன் என்று கத்தினேன். விவசாயக் குடும்பத்துக் கை அல்லவா? அரைப்படிப் பயறை நானே கழுவி, நானே பம்பு அடித்து, நானே ஊறவைத்து, நானே கட்டித் தொங்கவிட்டேன்.

முளைக்கவில்லை.

என் கை பட்ட பயறும் அதேபோல் உப்பி, அதேபோல் கொழகொழத்து, அதேபோல் நாறியது. நான் அந்தத் துணியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணிப்பார்த்தேன், சுவர் இல்லை, துணி இல்லை, பயறு இல்லை, கையும் இல்லை. பிறகு எழுந்து பின்னால் போய்ப் பம்பை அடித்து, கையில் பிடித்து ஒரு வாய் குடித்தேன். துப்பினேன். உவர்ப்பு. கரிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் சர்க்கரை போட்டால்கூட டீயில் தெரிகிற உவர்ப்பு. எட்டுப் பேரும் தினமும் அதைத்தான் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னேன். ஒவ்வொருவராகக் குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். "இனிப்பாதான சார் இருக்குது?" என்றார் பிலோமினா. நாள் முழுக்க உப்புத் தண்ணீர் தெறிக்கிற வாய்க்கு அது இனிப்புத் தண்ணீர்தான்.

தண்ணீர்தான் தப்பு என்று சொன்னேன். டிகிரி மீட்டர் ஏன் ஜீரோ காட்டியது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். பிலோமினா கவரைக் கழற்றி, கழுவி, உதறி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும், உங்களுக்கே தெரிகிறது. நான் சொன்னதுதான் தப்பு என்று. அதைச் சொல்லவில்லை. தண்ணீர் தப்பு, தண்ணீர் தப்பு என்று மூன்று தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு மாதா கோயில் கிணற்றில் எடுத்துக்கொள்ள ஃபாதரிடம் அனுமதி வாங்கினார்கள். கடற்கரை மணலை ஒட்டின கிணறு, மழைத் தண்ணீர் மணலில் தங்கி மேலாக ஊறுகிற நல்ல தண்ணீர். ஆழம் இல்லை, இத்தனை குடம்தான் என்று கணக்கு. சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். முதல் துணியைப் பிரித்தபோது ஆறு விரற்கடைக்கு வால் விட்டிருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஒரு விரற்கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வெல்லம், தேங்காய் போட்டுப் பச்சையாகவே ஆளுக்கு ஒரு பிடி தின்றோம். பிலோமினா தன் வெறுங்கையால் அள்ளி எனக்குக் கொடுத்தார்.

மாதிரிக்காக ஊறவைத்த அன்று கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஐந்து தவலைக்குத்தான் வந்தது. ஆறாவது தவலைக்கு பிலோமினா என்னைக் கேட்காமல் பாதி கிணற்றுத் தண்ணீரும் பாதி போர் தண்ணீரும் கலந்து ஊற்றிவிட்டார். அது முளைத்தது, ஆனால் குட்டைக் குட்டையாக, தடித்த வாலோடு. பார்க்கச் சகிக்கவில்லை. கொட்டிவிடச் சொன்னேன். பிலோமினா தவலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வளரலன்னாலும் உசுரு வந்துடுச்சே சார். இதையும் அனுப்புங்க." மறுத்துப் பேச எனக்கு அப்போது முகம் இல்லை. இரண்டையும் தனித்தனியாகக் காயவைத்து, அரைத்து, இரண்டு பொட்டலமாகப் பார்சல் அனுப்பினோம்.

பொங்கல் வந்தது, போனது. முடிவு வரவில்லை. ஒரு காலையில் உப்பளத்து மேஸ்திரி தன் டி.வி.எஸ். வண்டியைக் குடோன் வாசலில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். பாத்தி மிதிக்க ஆள் எடுக்கிறார். நல்ல மனுஷர், யாரையும் கடிந்து பேசமாட்டார். சுவரில் ஒட்டிய பேப்பரைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "பிலோமினா, பேரு எழுதட்டுமா?" என்று கேட்டார். அப்போது பெயர் கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், வருஷம் முழுக்க வெளியில் நிற்கவேண்டும். மற்றவர்களில் பாதிப் பேர் முந்தின நாளே கொடுத்துவிட்டார்கள். பிலோமினா என்னைப் பார்த்தார். நான் பயறைப் பார்த்தேன்.

"எழுத வேணாம் மேஸ்திரி. நான் வர்ல."

மேஸ்திரி நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பத்து நாள் எனக்குத் தூக்கமே இல்லை. போஸ்ட்மேன் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பத்தாம் நாள் அவர் கொண்டுவந்த கவரை வாசலிலேயே பிரித்தேன். இரண்டு பொட்டலமும் தேறியிருந்தன. அதுமட்டுமா, இரண்டாவது பொட்டலத்தில், அந்தக் குட்டைப் பயறில், காபா கூடுதல். ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள், இதை எப்படி முளைகட்டினீர்கள் என்று.

என் கல்லூரி வாத்தியாரிடம் ஓடினேன். அவர்தான் சொன்னார், முளைக்கும்போது கொஞ்சம் உப்பு பட்டால் விதை தத்தளித்துப்போய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்கும் என்று. அதிகம் பட்டால் செத்துவிடும், கொஞ்சம் பட்டால்தான். இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு தத்துவம் தோன்றும், கஷ்டப்பட்டால் உள்ளே நல்லது ஊறும் என்று. தயவுசெய்து வேண்டாம். நானும் அந்தத் தத்துவத்தோடுதான் குடோனுக்கு வந்தேன். பிலோமினாவிடம் சொன்னேன், கொஞ்சமாக இருந்தால் உப்பும் நல்லதுதானாம் என்று. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சமா எங்க சார் இருந்துச்சு," என்றார். அதோடு தத்துவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டேன்.

அந்த மேஸ்திரி அந்தப் பத்து நாளும் பிலோமினாவின் இடத்துக்கு வேறு ஆள் போடாமல் காலியாகவே வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரியவந்தது. முடிவு வந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்ட பிறகுதான் வேறு பெயர் எழுதினாராம். அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் அங்கே நான்கு வருஷம் இருந்தேன். மதியம் எல்லா டிபன் பாக்ஸும் நடுவில் வந்துவிடும், காரப்பொடி மீன் குழம்பு வாசனையில் என் தயிர்சாதம் வெட்கப்பட்டு ஓரமாக உட்காரும். பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. குடோன் இன்னும் சில வருஷம் ஓடியது என்று கேள்வி. அந்த நிறுவனம் வேறு எங்கோ பெரிய மெஷினில் செய்யத் தொடங்கியதும் நின்றுபோயிற்று. பெண்களில் இரண்டு பேர் ஆரோவில்லில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் மட்டும் ரத்த அழுத்தம் சேர்த்துக்கொண்டேன்.

டப்பாவைத் திறந்த அந்த வாசனை என்னைச் சும்மா விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். குடோன் இருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கார் நிறுத்துமிடம். போர் பம்பு இருந்த மூலையில் பூந்தொட்டி. மாதா கோயிலில் விசாரித்ததில், பிலோமினாக்கா கீழ்புத்துப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

மொட்டைமாடியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, "சார், தண்ணி கேன் எடுத்தாந்தீங்களா?" என்று சிரித்தார். மாடி முழுக்கத் தொட்டியும் பையுமாகச் செடி. அவரை, பாகல், பீர்க்கை எல்லாம் பந்தலில். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி மண் நிரப்பிய தொட்டியும் நாலு சுரைவிதையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். "அக்கா, நீங்க போட்டுக் குடுங்க. நான் போட்டா வரமாட்டேங்குது." அந்தத் தெருவில் யார் விதை போட்டாலும் பிலோமினாக்காவின் கையால்தானாம். அக்கா நாலு விதையையும் விரலால் அழுத்திக் கொடுத்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பு இல்லை, பாளம் இல்லை. வயதான, சுருங்கிய, சாதாரணமான கை.

அந்தப் பெண் இறங்கிப் போனதும், இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இதைப் பாக்கறப்ப அந்த மேஸ்திரி நெனப்புதான் வரும் சார். உப்புக் கை பட்டா எங்க முளைக்கும்னு கேட்டாரே, ஞாபகம் இருக்குதா? அந்த ஆத்திரத்துலதான் பேரு எழுத வேணாம்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைச் சொன்னது மேஸ்திரி இல்லை அக்கா, நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"போங்க சார். நீங்க அந்த மாதிரி பேசற ஆளா? தண்ணிதான் தப்புன்னு கண்டுபுடிச்சுக் குடுத்தவரே நீங்கதான."

மறுபடியும் சொன்னேன், கவர் மாட்டிக்கொண்டு வந்தீர்களே என்று நினைவுபடுத்தினேன். கவர் ஞாபகம் இருந்தது, நாள் ஞாபகம் இருந்தது, வார்த்தை ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருந்தது. சொன்னவன் மட்டும் அங்கே இல்லை. வயசாயிடுச்சுல்ல சார், எல்லாருக்கும் இப்படித்தான் கலங்கிப்போகும் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, ஒரு பிஞ்சுப் பாகற்காய் பறித்து என் பையில் போட்டார். ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்று கீழே அவர் மகள் சொன்னாள். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷர்.